லொறிக்கு ஆறு ஜன்னல்

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுறா. கோவமா சொல்ற எடத்துல நீ பதமாக்கி எழுதிறாதன்னு மொதல்லயே சொல்லி வச்சிருக்கேன். வயசாயிட்டா கோவம் கொறஞ்சிரும்னு சொல்வாங்க. பொய். கால் வலி கூடுது, கண்ணு மங்குது, இந்த லொறி விசயத்துல மட்டும் கோவம் அப்படியே இருக்கு.

டிக்கோயாவுக்கு மேல ஒரு தோட்டம். பேரு வேணாம். அங்க ஸ்டோருல, அதான் தேயில அரைக்கிற பேக்டரியில, நான் பெட்டி அடிக்கிற வேலையில இருந்தேன். அப்ப எல்லாம் தேயில பலகைப் பெட்டியிலதான் சீமைக்குப் போகும். மூணு தகடா ஒட்டின பலகை ஆறு துண்டு, ஓரத்துக்குச் சட்டம், மூலைக்குத் தகரப் பட்டி, உள்ளுக்க ஈயத்தாள். ஆணி நாலஞ்ச வாயில கவ்விக்கிட்டு ஒவ்வொண்ணா நாக்கால தள்ளி எடுத்து அடிப்போம். ஒரு ஆணி கோணலாப் போயி உள்ள நீட்டிக்கிட்டு இருந்தா ஈயத்தாள் கிழிஞ்சிரும், தேயில காத்து வாங்கிரும். டீமேக்கர் ஐயா பெட்டியத் தூக்கி வெளிய எறிவாரு. அதனால எங்களுக்குக் கை சுத்தம்.

வருசம் கேட்டா எனக்கு நம்பர்ல சொல்லத் தெரியாது. வெள்ளக்காரன் நாட்டக் குடுத்துட்டுப் போயிட்டான்னு ஹட்டன் டவுன்ல கொடி கட்டினாங்களே, அதுக்கு ரெண்டு மூணு வருசம் பிந்தி. போயிட்டான்னு சொன்னாங்க. எங்க தோட்டத்து வெள்ளக்காரரு போகல. எங்க ஓட்டுரிமைதான் போச்சு. தொரை அதே பங்களாவுல, அதே நாயோட, அதே தொப்பியோட இருந்தாரு.

ஒரு நாள் மத்தியானம் பச்சைக் கலரு ஆமி லொறி ஒண்ணு ஸ்டோரு வாசல்ல வந்து நின்னுச்சு. உலகச் சண்டை முடிஞ்சதும் ஆமிக்காரங்க விட்டுட்டுப் போன லொறிய கொழும்புல ஏலம் போட்டாங்களாம், தொரை எடுத்திருக்காரு. கினிகத்தேன ஏத்தத்துல மூணு தடவ தண்ணி கொதிச்சு நின்னுச்சுன்னு டிரைவரு சொன்னாரு. மூஞ்சி தட்டையா, எருமை மாதிரி. சக்கரம் ஒவ்வொண்ணும் என் நெஞ்சு ஒசரம். பின்னால வளையத்து மேல கித்தான் போட்டிருந்துச்சு, அதுல ஓட்டை. உள்ள ஏறுனா எண்ணெயும் பூட்ஸ் வேர்வையும் சேந்த ஒரு நாத்தம்.

எதுக்கு லொறின்னு லயத்துல, அதான் நாங்க குடியிருக்கிற லைன் வூடுகள்ல, ஒரே பேச்சு. கொழுந்து ஏத்தத்தான்னு சிலர் சொன்னாங்க. எங்க லயத்து ஆளுங்க வேற மாதிரி நெனச்சாங்க. அந்த மாசம்தான் மேல் லயத்துல ஒரு பொம்பளைக்கு புள்ள குறுக்க விழுந்து, கம்பளியில தொட்டில் கட்டி, நாலு பேரு தோள்ல தூக்கிக்கிட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு மழையில ஓடுனோம். தொரையும் பாத்தாரு, குதிரைய ஓரமா நிறுத்தி எங்களுக்கு வழி விட்டாரு. அதனால நோயாளிங்கள ஏத்துறதுக்குத்தான் மனுசன் லொறி வாங்கியிருக்காருன்னு பேசிக்கிட்டோம். சில பொம்பளைங்க கோயில்ல சூடம்கூட கொளுத்தினாங்க. அந்தச் சூடத்த நெனச்சா இப்பவும் எனக்கு வவுறு எரியுது.

ரெண்டு நாள் கழிச்சு தொரை ஸ்டோருக்கு வந்தாரு. எங்க தொரை தமிழ் நல்லாப் பேசுவாரு, தோட்டத்துத் தமிழ், மரியாத இல்லாத தமிழ். அவருக்கு அதக் கத்துக் குடுத்தவங்க அப்படி. என்னக் கையக் காட்டிக் கூப்பிட்டாரு.

"நீ பெட்டி அடிக்கிற ஆள் தானே?"

"ஆமாங்க தொரை."

"இதுவும் பெட்டிதான். கொஞ்சம் பெருசு. செய்."

அதாவது அந்த லொறிக்கு மேல ஒரு வூடு கட்டணும். தொரை, தொரைசாணி, சீமையில இருந்து லீவுக்கு வர்ற ரெண்டு புள்ளைங்க, நாலு பேரும் அதுலயே ஏறிக் காட்டுக்கும் கடலுக்கும் போயி, அதுலயே சமைச்சு, அதுலயே படுத்து எந்திரிக்கணும். இதக் கேட்டுட்டு வந்து நான் லயத்துல சொன்னப்ப ஒருத்தரும் நம்பல. எங்க மேசன் பாஸ், அதான் கொத்தனாரு, அவரு எம் பொண்டாட்டிக்கு அண்ணன் மொற, எனக்கு மச்சான். அவரு பீடியக் கீழ வச்சுட்டுச் சொன்னாரு: "பங்களாவுல பதினாலு ரூம்பு இருக்கே மாப்புள. அதுல எரிஞ்சு விழுந்து அலுத்துப் போச்சு போல. இனி போற எடமெல்லாம் எரிஞ்சு விழணும்ல." 

அன்னையிலருந்து அதுக்கு சக்கர பங்களான்னு பேரு.

வேல எப்படிச் செஞ்சேன்னு சொல்றேன். அதச் சொல்ல எனக்குப் புடிக்கும், கோவத்துக்கு நடுவுலயும் புடிக்கும். மொதல்ல கித்தானயும் வளையத்தயும் கழட்டினோம். சப்பு மரத்துல சட்டம் அறுத்து, லொறித் தட்டுல போல்டு போட்டு நிறுத்தினோம். நேரா நிறுத்தினா ஓடயில முறியும்னு எனக்குத் தோணுச்சு, தேயிலப் பெட்டிய கப்பல்ல எறியிறப்ப மூலைதான் அடி வாங்கும். அதனால மூலைக்கு மூலை குறுக்குச் சட்டமும் தகரப் பட்டியும் குடுத்தேன். சுவருக்கு பெட்டிப் பலகை. கூரைக்கு ஸ்டோரு கூரையில கழட்டின தகரம், அதுல தார் பூசி. டிரைவரு தலைக்கு மேல ஒரு பீப்பாய் தண்ணி, அதுல இருந்து பைப்பு எறங்கி உள்ளுக்க ஒரு தொட்டி மேல முடியும். பைப்ப திருகினா தண்ணி. நாங்க தண்ணிக்கு லயத்துக்குக் கீழ பீலிக்கு எறங்கி, வரிசையில நின்னு, குடத்தச் சொமந்து ஏறுவோம். லொறிக்குள்ள பைப்பு. சொல்றேன் பாருங்க, நான்தான் அத வச்சேன்.

இதுல நான் ஒரு தப்பு பண்ணினேன். தொரை கடுதாசியில படம் போட்டுக் குடுத்தாரு, பக்கத்துல எல்லாம் நம்பரு. எங்களுக்கு பெட்டிப் பலகை அளவா அறுத்தே வந்துரும், அளக்கிற வேலையே கெடையாது. நம்பரு எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வெக்கம். படுக்கைக்கு எத்தன நீளம்னு பாக்க நானே தட்டுல நீட்டிப் படுத்தேன், தலைக்கு ஒரு கோடு, காலுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். மடக்கித் தூக்குற படுக்கை, சங்கிலி போட்டு, ஜோரா முடிச்சேன். தொரை வந்து படுத்துப் பாத்தாரு. முழங்காலுக்குக் கீழ எல்லாம் வெளிய. பெட்டி அடிக்கிற ஆளுங்க வாயப் பொத்திக்கிட்டாங்க. தொரை எந்திரிச்சு தலைய இடிச்சுக்கிட்டு என்னப் பாத்து, "இது கூலி படுக்கிற அளவு" ன்னாரு.

படுக்கைய ஒடச்சுத் திருப்பிச் செஞ்சேன். அது ஒண்ணும் பெரிய காரியம் இல்ல. ஆனா அந்தச் சொல்லு. மனுசன் படுத்தா என்னா அளவோ அதுதானே அளவு?

அப்பறம் ஜன்னல். ஜன்னல் விசயத்துல தொரை ரொம்பக் கறாரு. இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு, நேருக்கு நேரா. கண்ணாடி போட்ட கதவு, மேல தூக்கி கொக்கியில மாட்டுற மாதிரி. பின் கதவுக்கு ஒண்ணு. ஹட்டன்ல ஒரு முஸ்லிம் முதலாளி கடையில கண்ணாடியும் கீலும் வாங்கப் போனேன். நாங்க அவர நானான்னு கூப்பிடுவோம். ஏழு ஜோடி கீல எடுத்து வச்சுட்டு நானா கேட்டாரு, "என்னா தம்பி, லொறிக்கு ஏழு ஜன்னலா? பள்ளிவாசலுக்கே எங்கிட்ட நாலுதான் கேட்டாங்க." நானும் சிரிச்சேன். 

திரும்பி வந்து தொரைகிட்ட, ஓரத்துல ரெண்டு போதாதான்னு பணிவாத்தான் கேட்டேன், சட்டம் பலவீனமாகுதேன்னு. அவரு சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு.

"காத்து ஒரு பக்கம் வரணும், மறுபக்கம் போகணும். இல்லாட்டி புள்ளைங்களுக்கு நெஞ்சுல சீக்கு வரும். தெரியாதா ஒனக்கு?"

தெரியாதா எனக்கு. எம் மூத்த மகளுக்கு அப்ப ரெண்டு வயசு. இழுப்பு. எங்க காம்பரா லயத்துல கடைசிக் காம்பரா. ஒரே ரூம்பு, அதுலயே அடுப்பு, அதுலயே படுக்கை. முன்னால ஒரு கதவு, அவ்வளவுதான் தொவாரம். ஈர வெறகு. அடுப்பு மூட்டினா பொகை கதவுக்குப் போறதுக்கு முன்ன எங்க எல்லார் நெஞ்சுலயும் போயி இருந்துட்டுத்தான் போகும். புள்ள குந்திக்கிட்டு கோழிக்குஞ்சு மாதிரி இழுக்கும். எம் பொண்டாட்டி சமைச்சுக்கிட்டே முந்தானையால அதுக்கு விசிறுவா. காத்து வேணும்னு தெரிஞ்ச மனுசன்தான் அந்த லயத்துக்கும் பெரிய மனுசன். தெரியாம செஞ்சிருந்தா நான் இவ்வளவு பேச மாட்டேன்.

லொறி முடியிற சமயம் ஒரு ஞாயித்துக்கெழம, தொரை கிளப்புக்குப் போயிட்டாரு. காவல்காரர்கிட்ட சொல்லிட்டு எம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போயிக் காட்டினேன். பெருமைக்குத்தான். படுக்கைய மடக்கிக் காட்டினேன், பைப்பத் திருகிக் காட்டினேன், அலமாரிக்குள்ள தட்டு உருளாம இருக்க நான் வச்ச கட்டையக் காட்டினேன். அவ எதையும் தொடல. ஜன்னல் ஜன்னலாப் போயி நின்னு பாத்தா. எல்லா ஜன்னலும் தொறந்திருந்துச்சு, காத்து அவ முடியத் தூக்குச்சு. எல்லாம் பாத்து முடிச்சுட்டு கீழ எறங்கிச் சொன்னா:

"லொறிக்கு ஆறு கண்ணு வச்சிருக்கீங்க. நம்ம காம்பராவுக்கு ஒரு கண்ணு வைக்க ஒங்களுக்குத் தோணலியே."

தொரை கூலி அளவுன்னு சொன்னப்பகூட எனக்கு அப்படி வலிக்கல. ஆமா, எனக்குத் தோணவே இல்ல. சுவர் அவங்க சுவர், அதுல ஆணி அடிக்கவே பயப்படுவோம். ஜன்னல் வைக்கிற கை என் கைன்னு அவ சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

ஆறு கண்ணுன்னு சொன்னாளே, ஏழாவது என்னாச்சுன்னா, பின் கதவுக்குப் பக்கம்தான் குளிக்கிற மறைவு. அங்க ஜன்னல் கூடாது, எவனாவது பாப்பான்னு தொரைசாணி சொல்லிட்டாங்க. செஞ்ச ஜன்னல் நின்னு போச்சு. சட்டம், கண்ணாடி, கீலு, கொக்கி எல்லாம் ரெடி. இத என்னா செய்யிறதுங்கன்னு கேட்டேன். "நீயே எடுத்துக்க" ன்னு தொரை சொன்னாரு. சத்தியமா சொன்னாரு, டிரைவரும் கேட்டாரு.

எடுத்துக்கன்னா என்னா அர்த்தம்? ஜன்னல எடுத்துட்டுப் போயி அவியலா வைக்கிறது?

அடுத்த ஞாயிறு காலையில ஆரம்பிச்சேன். கடைசிக் காம்பராங்கிறதால எங்களுக்கு ஒரு பக்கச் சுவர் சும்மா கெடந்துச்சு, அந்தப் பக்கம் யாரும் இல்ல, ஓடைதான். கருங்கல்லு, மண்ணு சாந்து. மச்சான்தான் எந்தக் கல்லு தாங்குது, எந்தக் கல்லு சும்மா குந்தியிருக்குன்னு தட்டித் தட்டிச் சொன்னாரு. மேல ஒரு கட்டைய முட்டுக் குடுத்து, மத்தியானத்துக்குள்ள தொவாரம் போட்டு, லொறி ஜன்னல அப்படியே உள்ள ஏத்திட்டோம். அவ அடுப்பு மூட்டினா. பொகை கொஞ்ச நேரம் என்னா செய்யிறதுன்னு தெரியாத மாதிரி நின்னுச்சு. அப்பறம் ஒரு கயிறு புடிச்ச மாதிரி நேரா ஜன்னலுக்குப் போச்சு. லயத்துப் பொம்பளைங்க எல்லாம் வந்து பொகைய வேடிக்க பாத்தாங்க. புள்ள அன்னைக்கு இழுக்காம தூங்குச்சு. அந்த மாசம் முழுக்க ஒரே தடவதான் இழுப்பு வந்துச்சு.

ஒரு மாசம் ஓடுச்சு. மலையில வேல வாங்குற பெரிய உத்தியோகத்தரு ஒருத்தரு உண்டு, கண்டாக்கையான்னு சொல்வோம். அவரு ஓடைப் பக்கமா வந்தவரு ஜன்னலப் பாத்துட்டாரு. யாரு கேட்டு வச்சன்னு கேட்டாரு. தொரை குடுத்ததுன்னேன். தொரை ஜன்னல் குடுத்தாரு, சுவர் குடுத்தாரான்னு கேட்டாரு. மறுநாள் ஆபீசுக்கு வரச் சொல்லி ஆளு வந்துச்சு.

தொரை மேசைக்குப் பின்னால, நான் வாசப்படிக்கு வெளிய. ஆபீசுக்குள்ள போகக் கூடாது எங்களுக்கு, அப்ப அப்படி. புள்ளைக்கு இழுப்புன்னு சொன்னேன். நீங்கதான காத்து வரணும்னு சொன்னீங்கன்னும் சொன்னேன். அது தப்பாப் போச்சு. மூஞ்சி செவந்து போச்சு.

"லயம் ஒன் வீடு இல்ல. லயம் ஒரே பில்டிங். பன்னெண்டு காம்பராவும் ஒண்ணு. நீ ஒரு கல்லு எடுத்தா முழு பில்டிங்கயும் தொட்ட மாதிரி. நாளைக்கே அடைக்கணும்."

சொல்லிட்டு மறுநாள் காலையில பொண்டாட்டி புள்ளைங்களோட சக்கர பங்களாவுல ஏறி கடல் பாக்கப் போயிட்டாரு. ஆறு ஜன்னலும் தொறந்து கெடந்துச்சு. ஸ்டோரு வாசல்ல நின்னு பாத்தேன், சின்ன மகன் தலைய வெளிய நீட்டி எனக்குக் கையக் காட்டினான். அந்தப் புள்ள மேல எனக்குக் கோவம் இல்ல. அந்த வண்டி மொத்தமே ரெண்டு தடவதான் போச்சு, அதயும் சொல்லிர்றேன். ரெண்டாவது தடவ மட்டக்களப்புப் பக்கம் மணல்ல புதைஞ்சு மாடு கட்டி இழுத்தாங்களாம். அதுக்கப்பறம் கொட்டகையில போட்டு, எலி குட்டி போட்டு, மெத்தையத் தின்னு முடிச்சுச்சு. அதுக்கு எம்புட்டு நாள் நான் ஆணி கவ்வினேன்.

சங்கத் தலைவருகிட்ட ஓடுனேன். சம்பளப் பிரச்சனைன்னா பேசலாம், ஜன்னலுக்கு என்னாத்தப் பேசுறதுன்னு அவரு கையக் கழுவிட்டாரு. அவருக்கு டவுன்ல வூடு, ஜன்னல் வச்ச வூடு.

சுவர் அடைக்க வந்தது யாருன்னா, எங்க மச்சான்தான். தோட்டத்துக்கு அவருதான மேசன் பாஸ். சுண்ணாம்பும் மணலும் கொழச்சுக்கிட்டு, என் மூஞ்சியப் பாக்காம வந்தாரு. வாசல்ல எம் பொண்டாட்டி குந்தி, ஓங்கரிச்சு ஓங்கரிச்சு வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தா. மச்சான் நின்னுட்டாரு.

"தங்கச்சி, என்னா, மாசமா இருக்கியா?"

அவ தலைய ஆட்டினா. எனக்கே அப்பதான் தெரியும்.

மச்சான் கரண்டியச் சட்டியில போட்டாரு. வாயும் வயிறுமா ஒருத்தி இருக்கிற வூட்டுல சுவர் அடைக்கிறதோ, வாசல் மாத்துறதோ, தொவாரத்த மூடுறதோ எங்க சனத்துல கெடையாது. வவுத்துப் புள்ளைக்கு வழிய அடச்ச மாதிரி ஆகும்னு நம்புவாங்க. மேல் லயத்துப் பொம்பளைக்கு புள்ள குறுக்க விழுந்தது வேற எல்லார் மனசுலயும் இருக்கு. மச்சான் நேரா கண்டாக்கையாகிட்ட போயிச் சொன்னாரு, வேலைய விட்டு நிறுத்தினாலும் நான் கை வைக்க மாட்டேங்கன்னு.

கண்டாக்கையா பக்கத்து டிவிசன்ல இருந்து இன்னொரு பாஸக் கூட்டியாந்தாரு. அவரும் வாசல்ல அவளப் பாத்தாரு, திரும்பிட்டாரு. அப்பறம் கீழ கிராமத்துல இருந்து சிங்கள பாஸ் ஒருத்தரு, வயசானவரு. நான் சிங்களத்துல வெவரம் சொன்னேன். எங்க ஊர்லயும் இதச் செய்ய மாட்டோம்னு சொல்லிட்டு, நான் குடுத்த தேத்தண்ணியக் குடிச்சுட்டு, ஜன்னலத் தொறந்து மூடிப் பாத்து, கீலு நல்ல கீலுன்னுட்டுப் போனாரு.

தொரை கடல் பாத்துட்டு வந்தாரு. ஜன்னல் அப்படியே இருக்கு. புள்ள பொறந்து முப்பது கழியட்டும், அப்பறம் அடச்சிருவாங்கன்னு கண்டாக்கையா சமாதானம் சொல்லியிருக்காரு. மகன் பொறந்தான். முப்பது கழிஞ்சுச்சு. சரியா முப்பத்தோராம் நாள் மச்சான் சட்டியோட வந்தாரு, கண்டாக்கையா பின்னாலயே. இந்தத் தடவ அடச்சே தீரணும்னு நின்னாரு. அவ மகன மடியில வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கமாவே குந்தியிருந்தா. மச்சான் ரொம்ப நேரம் சுவரத் தட்டிக்கிட்டே இருந்தாரு. அப்பறம் பணிவாக் கேட்டாரு.

"ஐயா, நாலாவது காம்பராவுல ஒரு புள்ள ஆறு மாசமா இருக்குங்களே."

"அது நாலாவது காம்பரா. இது பன்னெண்டாவது."

"தொரை ஒரே பில்டிங்குன்னுல சொன்னாரு. ஒரு கல்லத் தொட்டா முழு பில்டிங்கயும் தொட்ட மாதிரின்னு. அப்ப ஒரே கூரை, ஒரே வூடுதானங்க."

கண்டாக்கையா நாலாவது காம்பரா பக்கம் திரும்பிப் பாத்தாரு. அவரும் எங்க சனம்தான, அவரு வூட்டுலயும் பொண்டாட்டி இருக்கா. போயிட்டாரு.

பன்னெண்டு காம்பரா. ஒரு லயத்துல எப்ப பாத்தாலும் யாராவது ஒருத்தி முழுகாமத்தான் இருப்பா. நாலாவது காம்பரா பெத்து எடுக்கிறதுக்குள்ள ஒம்பதாவது காம்பரா. அது முடியிறதுக்குள்ள ரெண்டாவது. பீலியில தண்ணி புடிக்கயில பொம்பளைங்க இதையே பேசிச் சிரிப்பாங்க. "இந்த மாசம் யாருடி காவல்?" "நான்தான். அடுத்தவ சீக்கிரம் ஏற்பாடு பண்ணுங்கடி, எனக்குப் பங்குனியோட முடியுது." இப்படி. எங்க மக இழுப்பு இல்லாம வளந்துச்சு. வேற காம்பராவுக்கும் நான் ஜன்னல் செஞ்சு தர்றேன்னு சொன்னேன், சொல்லாம இல்ல. ஆனா மத்த மூலைக் காம்பராக்காரங்க பயந்தாங்க, நடுக் காம்பராவுக்கு எங்க வைக்கிறது? முதுகோட முதுகா ஒட்டிக்கட்டின லயம். பின் சுவர் பின்னால இருக்கிறவங்க வூட்டுச் சுவர்.

அஞ்சாறு வருசம் அப்படிப் போச்சு. ஜன்னல் எப்ப போகும்னு ஒரு பயம் மட்டும் உள்ளுக்க இருந்துக்கிட்டே இருந்துச்சு. இப்ப சொல்லப் போறதுதான் என் கோவத்துக்கு வேரு.

கொழும்புல இருந்து ஒரு பெரிய ஐயா வந்தாரு, லயங்க எப்படி இருக்குன்னு பாத்து எழுதிக்கிட்டுப் போக. மூக்குக் கண்ணாடி, வெள்ளக் கால்சட்டை, நல்ல மனுசன் மாதிரிதான் இருந்தாரு. மொத நாளே லயத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாங்க. நானும் ஸ்டோருல இருந்து அந்த வேலைக்கு வந்திருந்தேன். தொரை அவரக் கூட்டிக்கிட்டு வந்தாரு. ஒண்ணாவது காம்பராவுக்குப் போகல, ரெண்டாவதுக்குப் போகல, நேரா கடைசிக் காம்பராவுக்கு, எங்க வூட்டுக்கு. ஓடைப் பக்கம் போயி நின்னு, கையில இருந்த கம்பால எஞ் ஜன்னலக் காட்டினாரு. இங்கிலீசுல என்னமோ பேசினாரு. பெரிய ஐயா தலைய ஆட்டி ஆட்டி எழுதினாரு. கூட வந்த டிரைவரு எங் காதுல சொன்னாரு, தோட்டத்துல காம்பராவுக்கு ஜன்னல் வைக்க ஆரம்பிச்சாச்சு, இது மாதிரி எல்லாத்துக்கும் வருதுன்னு தொரை சொல்றாருன்னு.

நான் சுண்ணாம்பு மட்டையப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

எம் பொண்டாட்டி ஜன்னலுக்கு உள்ள நின்னுக்கிட்டு இருந்தா. பெரிய ஐயா அவளப் பாத்து, ஜன்னல் எப்படி இருக்குன்னு கேக்கச் சொன்னாரு போல. கண்டாக்கையா தமிழ்ல கேட்டாரு. அவ ஒரு நிமிசம்கூட யோசிக்கல.

"இது எம் புருசன் வச்ச ஜன்னலுங்க. தொரை இத அடைக்கச் சொன்னாரு. அஞ்சு வருசமா லயத்துப் பொம்பளைங்க வவுத்தக் காட்டித்தான் காப்பாத்தி வச்சிருக்கோம்."

கண்டாக்கையா தொரையப் பாத்தாரு. அப்பறம் பெரிய ஐயா பக்கம் திரும்பி இங்கிலீசுல சொன்னாரு. ஒரே ஒரு வார்த்தைதான் எனக்கு வெளங்குச்சு, தேங்க்கியூ. பெரிய ஐயா அவளப் பாத்து சிரிச்சு, தலைய ஆட்டி, அதயும் எழுதிக்கிட்டாரு.

எனக்கு சிங்களம் தெரியும். அந்த ஐயாவுக்கும் சிங்களம். மூணு எட்டு வச்சிருந்தா அவரு முன்னால நின்னிருப்பேன். நெசத்தச் சொல்ல ஒரு வாய் போதும். நான் நகரல. ஸ்டோரு வேல போயிருமோ, காம்பரா போயிருமோன்னு நின்னேன். அவங்க எல்லாரும் காருல ஏறிப் போனதுக்கு அப்பறமும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டே நின்னேன். தொரை மேல எனக்கு இருக்கிற கோவத்துல பாதி எம் மேலதான். இத எழுது, விட்றாத.

அவ வந்து, என்னாங்க சொன்னாரு கண்டாக்கையான்னு கேட்டா. மறைக்க முடியல.

"நீ நன்றி சொன்னேன்னு சொல்லிட்டாரு."

அவ உள்ள போயி அடுப்ப மூட்டினா.

மறுநாள் காலையில பெரட்டுக் களம். வேலைக்குப் பேரு குடுத்து ஆளப் பிரிச்சு விடுற எடம். பொம்பளைங்க கூடையோட, ஆம்பளைங்க கத்தியும் மம்பட்டியுமா, எரநூறு பேருக்கு மேல நிக்கிறாங்க. பனி எறங்கிக்கிட்டு இருக்கு. நான் ஸ்டோருக்குப் போற வழியில ஓரமா நின்னேன். கண்டாக்கையா எல்லாருக்கும் மலை சொல்லி முடிச்சாரு. யாரும் நகர முன்ன இவ கூடையக் கீழ வச்சா.

"கண்டாக்கையா, நேத்து அந்தப் பெரிய ஐயாகிட்ட நான் என்னா சொன்னேன்? எனக்கு மறந்து போச்சுங்க. ஒரு தடவ சொல்லுங்க."

"கொழுந்துக்குப் போ."

"போறேங்க. சொல்லிட்டீங்கன்னா போயிர்றேன்."

ஒருத்தரும் அசையல. ஒம்பதாவது காம்பராக்காரி, அவதான் அந்த மாசம் காவல், எட்டு மாச வவுத்தோட, அவளும் கூடையக் கீழ வச்சா. அவளப் பாத்து நாலாவது காம்பராக்காரி. மச்சான் மம்பட்டிய ஊனிக்கிட்டு நின்னாரு. கண்டாக்கையா பொஸ்தகத்தப் பாத்துக்கிட்டே மெதுவாச் சொன்னாரு.

"ஜன்னல் ஒம் புருசன் வச்சதுன்னு சொன்ன."

"அப்பறம்?"

"அடைக்கச் சொன்னோம்னு சொன்ன."

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலீங்க."

அவரு இன்னொரு தடவ, கொஞ்சம் சத்தமாச் சொன்னாரு. அவ சரிங்கன்னு கூடையத் தூக்கித் தலையில மாட்டினா. அவரு அவ மலைய மட்டும் மாத்தி ஒசர மலைக்கு அனுப்பினாரு, அட்டைக் காடு. மூணு மாசம் அதே மலைதான் குடுத்தாங்க. ஒரு நாளும் மொணங்கல.

அந்த எரநூறு பேருக்கு நெசம் தெரியும். ஆனா கொழும்புக்குப் போன கடுதாசியில என்னா இருக்கு? தோட்டம் ஜன்னல் வச்சுக் குடுத்துச்சு, பொம்பள நன்றி சொன்னான்னு இருக்கு. அத யாரு படிச்சாங்களோ, படிச்சுட்டு யாரு நிம்மதியாத் தூங்குனாங்களோ. மத்த பதினொரு காம்பராவுக்கும் ஜன்னல் வரல. எங்க ஜன்னல அதுக்கப்பறம் ஒருத்தரும் அடைக்கச் சொல்லல, எப்படிச் சொல்வாங்க, அது அவங்க ஜன்னலாயிருச்சே.